சந்தனம் கட்டையில் மட்டும்

கேளம்பாக்கத்தில் புதிதாக ஒரு ரைஃபிள் கிளப் வந்திருக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். செயலாளர் தம்பி போன் செய்து, "சார், கம்மி செலவுல ஒரு நல்ல போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி எப்படி செலக்ட் பண்றது, அதுக்கு என்னென்ன மாட்டணும்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்றார். எழுதுகிறேன் என்றேன். போனை வைப்பதற்குள், "எந்த ஸ்கோப் நல்லதுன்னு மட்டும் கொஞ்சம் டீடெய்லா போடுங்க சார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செங்கல்பட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் கடைசிவரை மெக்கானிக்காக இருந்தவன் நான். விற்பனையும் நான்தான், ரிப்பேரும் நான்தான், வாங்கிப்போனவர் திட்ட வந்தால் வாங்கிக்கட்டிக்கொள்வதும் நான்தான். ஸ்கோப் என்பது துப்பாக்கியின் முதுகில் மாட்டும் தூரக்கண்ணாடி. அதைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. மற்றதை நான் சொன்னபோது காதில் வாங்கிய ஆளும் கிடையாது.

முதல் எரிச்சலை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். நம் நாட்டில் வேட்டையாடினால் ஜெயில். வேட்டையே கிடையாது, வேட்டைத் துப்பாக்கி என்ற பெயர் மட்டும் உண்டு. வாங்குகிறவர்கள் மூன்று ரகம். பயிரைக் காக்க உரிமம் வாங்கிய விவசாயி, காவல் வேலைக்குப் போகும் ரிடையர்ட் மிலிட்டரிக்காரர், அப்புறம் பந்தாவுக்கு வாங்குகிறவர். முதல் இரண்டு ரகத்துக்கும் கையில் காசு கம்மி. அவர்களுக்குத்தான் போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியை இழுத்துக் காலித் தோட்டாவைத் தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். நோஞ்சான் பாகம் எதுவும் இல்லாத துப்பாக்கி. ஒழுங்காக வைத்துக்கொண்டால் பேரன் காலம்வரை உழைக்கும். ஒழுங்காக வைத்துக்கொள்வதுதான் யாருக்கும் ஆகாத காரியம்.

மாமல்லபுரம் பக்கம் கடலைப் பார்த்தபடி பண்ணை வீடு கட்டிய ஒருவர் வந்தார். மூன்றாம் ரகம். நல்ல ரைஃபிளாக எடுத்துக் கொடுத்து, "உப்புக் காத்து சார், ரெக்சின் உறையில போட்டு மூடாதீங்க, பருத்தித் துணியில சுத்தி வைங்க. தேங்காய் எண்ணெய் தடவாதீங்க" என்றேன். தலையைத் தலையை ஆட்டினார். மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தார். ரெக்சின் உறையைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் வாடை. போல்ட் உறைந்துபோய் நகரவே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மரச்சுத்தியால் தட்டித் தட்டி வெளியே எடுத்தேன். "உங்க துப்பாக்கி சரியில்லப்பா. கவர் பாரு, இம்போர்ட்டட், ஒண்ணும் ஆகல" என்கிறார் அவர். இவரிடம் என்ன பேசுவது?

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. லேத் பட்டறையில் கொஞ்ச காலம், பிறகு பாய் கடை. ஆரம்பத்தில் எண்ணெய்த் துணி அலசினேன், பிறகு கட்டைக்கு பாலிஷ் போட்டேன், பிறகு மெல்ல இரும்பில் கை வைக்க விட்டார். எங்கள் கடையில் கட்டை என்றால் துப்பாக்கியின் மரப்பாகம். பேரல் என்கிற குழலின் முனைக்கு வாய் என்று பேர். இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடை முதலாளி. ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. யார் துப்பாக்கியோடு கடைக்குள் வந்தாலும் வணக்கம் கிடையாது, வாங்க கிடையாது. கையை நீட்டுவார். வாங்கியதும் போல்ட்டைத் திறப்பார், தோட்டா இருக்கும் அறையைப் பார்ப்பார், பார்த்தது போதாதென்று சுண்டு விரலை விட்டுத் தடவுவார். பிறகு வந்தவர் பக்கம் திருப்பிக் காட்டி, "நீயும் பாத்துக்கோ" என்பார். அவரும் பார்த்த பிறகுதான், "ம், வாங்க, நாஸ்தா ஆச்சா?" வரும். ஒருமுறை பெரிய போலீஸ் அதிகாரி ஒருவர் இதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பாய் அசையவில்லை. "அவரு கோச்சிகினா நாளைக்கு வருவாரு. குண்டு போனா வருமா?" என்றார்.

வாங்க வருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி. "எதைச் சுடப் போற?" பதில் திருப்தியாக இருந்தால்தான் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்.

ஏகாம்பரம் வந்த அன்றும் அதையேதான் கேட்டார். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு கிராமம். (ஆள் பெயரும் ஊரும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) வேர்க்கடலை போட்டிருந்தார். காப்புக்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கிக் கடலைக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. மிலிட்டரியில் இருந்த அப்பாவின் ரைஃபிள் உரிமம் இவர் பேருக்கு மாறி வந்திருந்தது. அப்பாவின் துப்பாக்கியைக் கரையானும் துருவும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கூடவே மனைவி மல்லிகா. அவள் தம்பி சதீஷ், கேளம்பாக்கத்தில் வேலை, கையில் பெரிய போன்.

"எதைச் சுடப் போற?"

"எதையும் சுடல பாய். மேல பாத்து ஒண்ணு வுட்டா பன்னி ஓடிடும். சுட்டா ஃபாரஸ்ட்காரன் வுடமாட்டான்" என்றார் ஏகாம்பரம்.

பாய்க்குப் பதில் பிடித்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

சதீஷுக்குப் பிடிக்கவில்லை. "இன்னா மாமா, ரைஃபிள் வாங்குறோம், ஸ்கோப் இல்லாம இன்னாத்துக்கு? அமெரிக்காகாரன் வீடியோ பாருங்க அண்ணாத்த, முந்நூறு மீட்டர் அடிக்கிறான்" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"வானத்துக்கு எதுக்குப்பா ஸ்கோப்?" என்றேன்.

பழைய ரைஃபிள்கள் வரிசையாக நின்றன. அவர் கைக்கு எட்டிய விலையில் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்தேன். கிளப் தம்பிகள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்கவும், நீங்கள் கேட்ட விஷயம் இதுதான்.

முதலில் போல்ட்டில் உள்ள நம்பரும் பாடியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் யாரோ இரண்டு துப்பாக்கியை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், கீழே வைத்துவிடுங்கள். முதல் ரைஃபிள் அதிலேயே போயிற்று. அடுத்து போல்ட்டைக் கழற்றிவிட்டு, அறைப் பக்கம் கண்ணை வைத்து, வாய்ப் பக்கம் வெள்ளைத் துணியைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே வரிகள் முறுக்கிக்கொண்டு போகும். அவை பளிச்சென்று, விளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டும். நடுவில் எங்காவது நிழல் வளையம் தெரிந்தால் குழல் அங்கே ஒருமுறை வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது ரைஃபிளில் அப்படி ஒரு வளையம் இருந்தது. மூன்றாவதில் கண்ணாடி மாதிரி சுத்தம். வாய் விளிம்பில் பஞ்சைச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் பிசிறில் சிக்கவில்லை. கட்டையில்தான் கீறலும் கறையும். அதைப் பார்த்து முகம் சுளித்து விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டுமே தவிர, வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

பிறகு ஆளுக்குப் பொருத்தம். ஏகாம்பரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்கச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது முன்குறி பின்குறிக்கு நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் கீழே நின்றது. கட்டையின் அடியில் ரப்பர் வைத்து நீளத்தைச் சரி செய்தேன். மாட்ட வேண்டியது என்று நான் கொடுத்தவை, தோளில் போட ஒரு வார், குழலைத் துடைக்க முனையில் துணி கட்டிய கயிறு, ஃபிளானல் துணி, எண்ணெய்ப் புட்டி, பருத்தி உறை. அவ்வளவுதான். சீப்பாக ஒரு ரைஃபிளைத் தயார் செய்வது இவ்வளவுதான். இதற்கு மேல் வாங்குவதெல்லாம் உங்கள் ஆசை.

கடைசியாக ஒன்று சொல்வேன். வாங்கிய ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். எங்கள் கடையில் ஆயுத பூஜை அமர்க்களப்படும். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார், முடிந்ததும் பொரி பங்கிடுவார். அவர் வைத்த விதி ஒன்றுதான். சந்தனம் கட்டையில் மட்டும். இரும்பில் படக் கூடாது, வாய்ப் பக்கம் போகவே கூடாது. பூஜை முடிந்ததும் ஒவ்வொரு வாயிலும் சுண்டு விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போவார். குழம்பாகப் போகிற சந்தனம் காய்ந்தால் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். அடைத்த குழலில் சுட்டால் குழல் கிழியும்.

மல்லிகாவிடம்தான் சொன்னேன். "ஆயுத பூஜை வந்தா சந்தனம் கட்டையில மட்டும் வைம்மா. வாயில எதுவும்..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணாத்த, ஸ்கோப் பின்னாடி வேணும்னா போட்டுக்கலாம்ல? இதுல மவுன்ட் ஏறுமா ஏறாதா, அதைச் சொல்லுங்க" என்று நடுவில் பாய்ந்தான் சதீஷ்.

ஏறும், ஏறாது என்று அவனோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மல்லிகா ஏர், மண்வெட்டி, அருவாமனை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்திருக்கிறாள். துப்பாக்கி வீட்டுக்கு வந்து முதல் பூஜை, அதற்கு விசேஷம். வாயில் ஒரு சாமந்திப் பூவைக் காம்போடு செருகி, விழாமலிருக்கச் சந்தனத்தை வழித்து அப்பியிருக்கிறாள். மறுநாள் காலை பூவைப் பிடுங்கினாள். வெளியே நன்றாகத் துடைத்தும் வைத்தாள். உள்ளே காம்பும் சந்தனமும் இறுகிப்போய் நின்றன.

வெயில் ஏறும் நேரத்தில் பன்றிகள் கொல்லையில் இறங்கின. லீவுக்கு வந்திருந்த சதீஷ் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு, "சுடு மாமா, சுடு மாமா" என்று கத்தினான். எப்போதும் குழலில் வெளிச்சம் பார்த்துவிட்டே தோட்டா போடுகிற ஏகாம்பரம் அன்று பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்து ஒன்று விட்டார். வாய்ப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் குழல் கிழிந்தது. பறந்த இரும்புச் சில்லு இடது கையில் பாய்ந்து இரண்டு விரல்கள் போயின.

ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள், பாயும் நானும் போனோம். மேஜை மேல் ரைஃபிள். பாய் வழக்கம்போல போல்ட்டைத் திறந்தார், விரலை விட்டார், இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார். போல்ட்டில் கோளாறு இல்லை, அறையில் கோளாறு இல்லை. பிறகு கிழிந்த முனையைத் திருப்பினார். வரிகளின் இடுக்கில் கருகிய மஞ்சள். நகத்தால் சுரண்டி மூக்கருகில் கொண்டுபோனார். விரலை என் பக்கம் நீட்டினார். வெடிமருந்துப் புகையோடு சந்தன வாசம். அதோடு ஒரு நார், பூக்காம்பின் நார்.  இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் பார்த்துக் கொடுத்த குழலில் பிசகில்லை.

அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. வராந்தாவில் மல்லிகா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் ரத்தம். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "இன்னா பாய் ஆச்சு? நல்லாத்தான துடைச்சி வெச்சேன்? எதுனால பாய் வெடிச்சிது?"

சதீஷ் குதித்தான். "இன்னாவா? பழைய இரும்பைத் தலையில கட்டிட்டாங்க அக்கா! நான் அப்பவே புதுசு வாங்கலாம்னு சொன்னேன்ல?"

பாய் சொல்லப்போகிறார், ஒரு வார்த்தையில் இவன் வாயை மூடப்போகிறார் என்று நின்றேன்.

"ஆமாம்மா" என்றார் பாய். "பேரல் கோளாறு. எங்க கடைத் தப்பு."

 ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பாய், நான் பாத்து பாஸ் பண்ண பேரல் அது!"

"தெரியும்."

"சந்தனம்னு தெரியும். தெரிஞ்சிகினே நம்ம மேல போட்டுகினு வர்றீங்களே, இன்னா பாய் இது பேஜாரு?"

ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவர் நின்றார். "நாளைக்கு அந்தப் பொண்ணு அவனுக்குச் சோறு ஊட்டணும்டா. எந்தக் கையால ஊட்டும்?" என்றார்.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஆனால் கோபம் போகவில்லை, பல வருஷம் போகவில்லை. சதீஷ் அச்சரப்பாக்கம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டான். சந்தைக்குப் போனால், "இதோ வெடி மெக்கானிக் வந்துகினு கீறாரு" என்பார்கள். பழைய ரைஃபிள் வாங்க வருகிறவர்கள், "அண்ணாத்த, இது வெடிக்காதுல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். என் வேலையில் எனக்கிருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான், நான் பார்த்த குழல் தவறாது என்பது. அதை ஊரே எச்சில் துப்பி அழித்துவிட்டது. பாய்க்கு என்ன, பெரிய மனது, முதலாளி. பட்டப்பெயர் எனக்கல்லவா?

மறுநாளே பாய் கடைச் சுவரில் ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னார். "சந்தனம் கட்டையில் மட்டும்." காரணம் எழுதக் கூடாது என்றார். வருகிறவர்கள் அதைப் பார்த்து, இதென்ன துப்பாக்கிக் கடையா பூஜைக் கடையா என்று கேலி செய்தார்கள். நான் வாய் ஓயச் சொன்னேன். ஒருவரும் கேட்டதில்லை. அடுத்தடுத்த பூஜைகளிலும் வாயில் எலுமிச்சம்பழம் குத்தியவர்கள், கற்பூரம் ஒட்டியவர்கள் என்று ஒவ்வொருவராக வர, நான் சுரண்டி எடுத்துக் கொடுத்தேன்.

இதில் எனக்குப் புரியாதது மல்லிகாதான். அடுத்த அறுவடை முடிந்ததும் ஒரு பை நிறையப் பச்சை வேர்க்கடலையோடு கடைக்கு வந்தாள். "மல்லாட்ட வேவ வெச்சி சாப்புடுண்ணா" என்று என்னிடம் கொடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சுவரிலிருந்த போர்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். போய்விட்டாள். அதன்பின் ஒவ்வொரு அறுவடைக்கும் பை வந்தது. பாய் காலமானார், அவர் மகன் கடையை நடத்துகிறார், நான் ஓய்வு பெற்றேன். பை என் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. புருஷன் கையைக் கெடுத்தவனுக்குக் கடலை கொண்டுவந்து கொடுக்கிறாளே, இது என்ன மாதிரி பெண் என்று என் மனைவியிடமே எரிந்து விழுந்திருக்கிறேன்.

போன ஆயுத பூஜை முடிந்து சில வாரத்தில் மல்லிகா மாரடைப்பில் போய்விட்டாள். செய்தி தாமதமாகத்தான் வந்தது, போனேன். ஏகாம்பரம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒன்று போடச் சொன்னார்.  பிறகு விரல் போன கையைப் பார்த்துக்கொண்டே, "சுட்டதும் சந்தன வாசன வந்துச்சு அண்ணாத்த" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ன சொன்னே?"

"வலிக்கு முன்னாடி வாசனதான் வந்துச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு. பாயி ஆஸ்பத்திரில சொன்னத உள்ள படுத்துகினு கேட்டுகினுதான் இருந்தேன். நல்லதாப் போச்சுன்னு வுட்டுட்டேன்."

"யோவ்! தெரிஞ்சிகினேவா என் பேரை ஊரு முழுக்க நாறடிச்சீங்க? வெடி மெக்கானிக்குன்னு!"

"கோச்சிக்காத அண்ணாத்த. யாருனாச்சும் ஒருத்தர் மேல போடணும்ல?"

சாவு வீடாயிற்றே என்று பார்த்தேன், இல்லையென்றால் நாற்காலியைத் தூக்கியிருப்பேன். எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எதற்கென்று எனக்கே தெரியவில்லை. "சரி வுடு. கடைசிவரைக்கும் அந்தப் பொண்ணுக்காவது தெரியாமப் போச்சே. அது போதும்" என்றேன்.

ஏகாம்பரம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவளுக்குத் தெரியாதுன்னா நெனச்சிகினு கீற? பின்னாடி போய் அருவாமனையப் பாரு" என்றார்.

போனேன். தோட்டத்துக் கதவுக்குப் பக்கத்தில் எல்லாம் வரிசையாகச் சாத்தியிருந்தன. அவள் வைத்த பூஜைப் பொட்டு அழியாமல் காய்ந்திருந்தது. அருவாமனையில் பலகையின் மேல் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். இரும்பு அலகு வெறுமனே பளபளத்தது. மண்வெட்டியில் காம்பில் பொட்டு, இரும்பு இலையில் இல்லை. கதிரரிவாளுக்குக் கைப்பிடியில். முழுக்க இரும்பாக இருந்த கடப்பாரைக்கு ஒன்றுமே இல்லை.

இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒருத்திதான் கேட்டிருக்கிறாள்.